எத்தனையாவது வளைவு? ஒளியைக் கொண்டு மென்படலத்தை அளப்பது

ஏற்காட்டில் மழை விட்ட அரை மணி நேரத்துக்குள் பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்கள் கொஞ்சம் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். மலையேறி வந்து நிற்கும் வண்டிகளிலிருந்து சொட்டும் எண்ணெய், ஈரத் தார்ச்சாலையில் விழுந்த இடத்திலிருந்து வட்டமாகப் பரந்து கிடக்கும். வட்டத்தின் வெளி ஓரம் வெள்ளிச் சாம்பல். உள்ளே வர வர மஞ்சள், செம்பழுப்பு, மெஜந்தா, நீலம், பச்சை. அதற்கும் உள்ளே மறுபடி மஞ்சள், மறுபடி இளஞ்சிவப்பு. இந்த 'மறுபடி' என்ற சொல்லில்தான் நான் எழுத வந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

எண்ணெயில் சாயம் ஏதும் இல்லை. அதே எண்ணெயைப் புட்டியில் ஊற்றிப் பார்த்தால் மங்கிய பழுப்பாகத்தான் தெரியும். தரையில் நாம் பார்க்கும் நிறம் எண்ணெயின் தடிமன். ஒவ்வொரு வளையமும், 'இங்கே படலம் இவ்வளவு தடிமன்' என்று எழுதிவைத்த குறிப்பு. அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால், எந்தத் திருகு அளவியும் தொட முடியாத நுண்மையை வெறும் ஒளியைக் கொண்டே அளந்துவிடலாம்.

படலத்தின் மேல் ஒளி விழும்போது ஒரு பகுதி மேற்பரப்பிலேயே திரும்புகிறது. மிச்சம் உள்ளே இறங்கி, அடிப்பரப்பில் பட்டு, அதிலும் ஒரு பகுதி திரும்பி மேலே வருகிறது. இரண்டும் நம் கண்ணில் ஒன்றாகச் சேர்கின்றன. உள்ளே போய்வந்த ஒளி படலத்தை இருமுறை கடந்திருக்கிறது, அதனால் பின்தங்கியிருக்கிறது. எவ்வளவு பின்தங்கியது என்பதைத் தடிமனும் படலத்தின் ஒளிவிலகல் எண்ணும் (ஒளியை அந்தப் பொருள் எத்தனை மடங்கு மெதுவாக்குகிறது என்று சொல்லும் எண்) தீர்மானிக்கின்றன. நேராகப் பார்த்தால் அந்தப் பாதை வேறுபாடு, தடிமனை ஒளிவிலகல் எண்ணால் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கியது. இரண்டு அலைகளின் முகடும் முகடும் சேர்ந்தால் அந்த நிறம் பொலிகிறது. முகடும் அகடும் சேர்ந்தால் அந்த நிறம் அணைகிறது. வெள்ளொளியிலிருந்து ஒரு நிறம் அணைந்தால் மிஞ்சியவை சேர்ந்து இன்னொரு நிறமாகத் தெரியும். பச்சை அணைந்த இடம் மெஜந்தாவாவது இப்படித்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மாணவர்கள் தடுக்கி விழும் இடமும் அதுதான். கயிற்றின் ஒரு முனையைக் கம்பத்தில் இறுகக் கட்டி மறுமுனையைச் சொடுக்கினால், மேடாகப் போன அலை பள்ளமாகத் திரும்பி வரும். ஒளியும் அப்படியே. ஒளிவிலகல் எண் குறைந்த ஊடகத்திலிருந்து வந்து கூடிய ஊடகத்தில் மோதித் திரும்பும்போது அலை தலைகீழாகிறது. அரை அலைநீளம் கூடுதலாகக் கணக்கில் ஏறுகிறது. காற்றிலிருந்து எண்ணெயில் மோதும் ஒளி தலைகீழாகும். எண்ணெயிலிருந்து அதைவிட எண் குறைந்த நீரில் மோதும் ஒளி அப்படியே திரும்பும். ஒன்று கவிழ்ந்தது, இன்னொன்று கவிழவில்லை. அதனால் பொலிவுக்கான கணக்கு முழு அலைநீளங்களில் வராது; அரை, ஒன்றரை, இரண்டரை என்று வரும். இந்த அரையை மறந்தால் கணக்கு முழுவதும் அரைப் படி நழுவிவிடும்.

தார்ச்சாலையில் நிறம் இத்தனை தெளிவாகத் தெரிவதற்குக் காரணம் அடியிலுள்ள கறுப்பு. படலத்தைக் கடந்து கீழே போகும் ஒளியைத் தார் விழுங்கிவிடுகிறது. மேலே திரும்பி வருவதோ, விழுந்த ஒளியில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்குதான். வெள்ளைத் தரையாக இருந்தால் அந்தக் கொஞ்சமும் அடியிலிருந்து வரும் ஒளியில் மூழ்கிப்போகும்.

வட ஐரோப்பியக் கடற்பகுதியில் எண்ணெய்க் கசிவைக் கண்காணிக்கும் பான் உடன்படிக்கை நாடுகள், விமானத்திலிருந்து நிறத்தைப் பார்த்தே கசிவின் அளவை மதிப்பிட ஒரு நெறி வைத்திருக்கின்றன. வெள்ளிப் பளபளப்பு என்றால் 0.04 முதல் 0.3 மைக்ரோமீட்டர். வானவில் நிறங்கள் என்றால் 0.3 முதல் 5 மைக்ரோமீட்டர். பரப்பைத் தடிமனால் பெருக்கினால் கொட்டிய எண்ணெயின் அளவு வந்துவிடும். அதே கணக்கை ஏற்காட்டுக்குத் திருப்பிப் போட்டால், 0.3 மைக்ரோமீட்டர் படலமாகப் பரவ ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 3,300 சதுர மீட்டர் வேண்டும். முக்கால் ஏக்கருக்கும் மேல். ஒரே ஒரு சொட்டு ஒரு தலைவாழை இலை அளவுக்குப் பரவும். மழைக்காலத்தில் அந்தச் சொட்டுகளெல்லாம் ஓடி எந்த ஏரியில் சேர்கின்றன என்று யோசிக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

இனி அந்த 'மறுபடி'.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் பலகை இருக்கிறது. அந்தப் பலகை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், பனிமூட்டமும் இறங்கியிருக்கிறது. பேருந்தில் தூங்கி விழித்த ஒருவர் வண்டி வளைவதை உணர்கிறார். வளைவில் இருக்கிறோம் என்று உறுதியாகச் சொல்ல முடியும். எத்தனையாவது வளைவு என்று சொல்ல முடியாது. ஆகவே எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதும் தெரியாது. ஒரே ஒரு நிறத்தை மட்டும் பார்த்துத் தடிமனைச் சொல்ல முயல்கிறவரின் நிலை இதுதான்.

எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.45 என்று கொள்வோம். 100 நானோமீட்டர் தடிமனில் (நானோமீட்டர் என்பது மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பாதை வேறுபாடு 290 நானோமீட்டர். அது 580 நானோமீட்டர் மஞ்சள் ஒளிக்குச் சரியாக அரை அலைநீளம். ஆகவே மஞ்சள் பொலியும். 300 நானோமீட்டர் தடிமனில் பாதை வேறுபாடு 870. அதே மஞ்சளுக்கு ஒன்றரை அலைநீளம். மறுபடி பொலியும். 500 நானோமீட்டரில் 1,450, இரண்டரை அலைநீளம். மூன்றாம் முறை பொலியும். மூன்று இடமும் கண்ணுக்கு ஏதோ ஒரு மஞ்சளாகத்தான் தெரியும். ஒன்றுக்கொன்று ஐந்து மடங்கு வரை வேறுபட்ட மூன்று தடிமன்கள், ஒரே சாட்சியம்.

இங்கே மீட்பது மற்ற நிறங்கள். 100 நானோமீட்டர் படலத்தில் கண்ணுக்குத் தெரியும் நிறங்களில் எதுவுமே முற்றாக அணைவதில்லை. அதனால் அந்த மஞ்சள் வெளுத்திருக்கும். 300இல் 435 நானோமீட்டர் நீலம் அணைகிறது. மஞ்சள் அடர்ந்து நிற்கிறது. 500இல் 483இல் உள்ள நீலப்பச்சை அணைகிறது, 414இல் உள்ள ஊதா மஞ்சளோடு சேர்ந்து பொலிகிறது, நிறம் கலங்கிவிடுகிறது. பழகிய கண் இந்த மூன்று மஞ்சளையும் பிரித்துவிடும். பழகாத கண்ணுக்கு நிறமாலைமானி வேண்டும்.

நிறமாலைமானி செய்வது, திரும்பி வரும் ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்து எது எவ்வளவு வந்தது என்று வரைந்து காட்டுவது. படலத்திலிருந்து வரும் வரைபடம் மலைத்தொடர்போல ஏறி இறங்கும். நம் 500 நானோமீட்டர் படலத்துக்கு 580இல் ஒரு சிகரம், அடுத்தது 414இல். பாதை வேறுபாட்டில் எத்தனை அலைநீளம் அடங்குகிறது என்பதை வரிசை எண் என்போம்; அடுத்தடுத்த இரண்டு சிகரங்களுக்கிடையே அது சரியாக ஒன்று கூடுகிறது. இதை வைத்து ஒரு சிகரத்தின் சமன்பாட்டிலிருந்து அடுத்ததன் சமன்பாட்டைக் கழித்தால் வரிசை எண்ணே மறைந்துவிடும். இரண்டு அலைநீளங்களையும் பெருக்கி, அவற்றின் வேறுபாட்டாலும் ஒளிவிலகல் எண்ணின் இரு மடங்காலும் வகுத்தால் தடிமன். 580ஐயும் 414.3ஐயும் போட்டுப் பாருங்கள்: 500 வருகிறது. எத்தனையாவது வளைவு என்று தெரியாதவர், ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் உள்ள இடைவெளியை அளந்தே உயரத்தைச் சொல்லிவிடுகிறார். சிகரங்கள் நெருங்கினால் படலம் தடித்தது; விலகினால் மெலிந்தது. இதைவிட அழகான கழித்தல் கணக்கை நான் இயற்பியலில் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் ஒளி நேரடியாக அளப்பது தடிமனை அல்ல. தடிமனையும் ஒளிவிலகல் எண்ணையும் சேர்த்துப் பெருக்கிய ஒன்றை. எண் 1.45 என்று நினைத்தோம், உண்மையில் 1.50 என்றால் தடிமனில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் பிழை வந்துவிடும். போதாததற்கு, அந்த எண்ணே நிறத்துக்கு நிறம் மாறுகிறது; ஊதாவுக்குக் கொஞ்சம் கூட, சிவப்புக்குக் கொஞ்சம் குறைவு. ஆய்வு மாணவர்களின் அட்டவணைகளில் தடிமன் 'இத்தனை நானோமீட்டர்' என்று தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், ஒளிவிலகல் எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். படலத்தைச் சாய்த்து, இரண்டு மூன்று கோணங்களில் அளந்தால் இரண்டையும் தனித்தனியே பிரித்தெடுக்க வழி இருக்கிறது. சாய்க்கும்போது பாதை வேறுபாடு குறையும். நிறங்கள் நீலப் பக்கமாக நகரும். சாலையில் கிடக்கும் எண்ணெய் வட்டத்தைத் தலைக்கு மேலிருந்தும், பிறகு உட்கார்ந்து சாய்வாகவும் பார்த்தால் வளையங்கள் இடம் மாறுவது தெரியும்.

இந்தச் சாய்வுச் சோதனை இன்னொன்றுக்கும் உதவும். சேலம் பக்கத்து இளம்பிள்ளைச் சேலைகளில் மயில்கழுத்து நிறம் என்று ஒன்று உண்டு. அசைத்தால் நீலமும் பச்சையும் மாறி மாறி வரும். அது குறுக்கீடு, அதாவது இரண்டு அலைகள் சேர்ந்து பொலிந்தும் அணைந்தும் செய்யும் வேலை, அல்ல. பாவுக்கு ஒரு நிற நூல், ஊடைக்கு இன்னொரு நிற நூல். எந்த நூல் கண்ணில் படுகிறதோ அந்த நிறம். உண்மையான மயிலின் கழுத்திலோ நீலச் சாயமே கிடையாது. இறகுக்குள் நுண்ணிய அடுக்குகள் இருக்கின்றன. ஒளி அவற்றில் குறுக்கிட்டுத்தான் நீலமாகிறது. நெசவாளி நூலால் செய்ததை மயில் தடிமனால் செய்திருக்கிறது.

இந்த நிறங்களை முதலில் அளந்தவர் நியூட்டன். சற்றே வளைந்த வில்லையைத் தட்டைக் கண்ணாடி மேல் வைத்து, இடையிலுள்ள காற்றுப் படலத்தில் தோன்றும் வளையங்களின் விட்டத்தை அளந்தார். வில்லையின் வளைவு தெரியும் என்பதால் ஒவ்வொரு வளையத்திலும் காற்றின் தடிமனைக் கணக்கிட முடிந்தது. ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்குக் காற்று எவ்வளவு தடிக்கிறது என்பதற்கு 1704இல் வெளிவந்த நூலில் அவர் தரும் அளவு, ஓர் அங்குலத்தை 89,000 கூறாக்கினால் ஒரு கூறு. இன்றைய கணக்கில் 285 நானோமீட்டர்; மஞ்சள் ஒளியின் அலைநீளத்தில் சரிபாதி. மெழுகுவத்திக் காலத்தில், கண்ணையும் கவராயத்தையும் வைத்து எடுத்த அளவு அது. ஆனால் ஒளியை அலை என்று அவர் ஏற்கவில்லை. நூறு ஆண்டு கழித்து, 1801இல், ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் நியூட்டனின் அதே எண்களை எடுத்து, அவற்றிலிருந்தே ஒவ்வொரு நிறத்தின் அலைநீளத்தையும் கணக்கிட்டார். அளந்தவர் ஒருவர், அளந்தது என்ன என்று அறிந்தவர் இன்னொருவர்.

யங் செய்த இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நியூட்டன் வளையங்களின் நடுப்புள்ளி எப்போதும் கறுப்பு. அங்கே தடிமன் பூச்சியம், பாதை வேறுபாடும் பூச்சியம். பொலிய வேண்டிய இடம் ஏன் கறுக்கிறது? ஒரு பரப்பில் மட்டும் அலை கவிழ்வதால் என்றார் யங். அப்படியானால் இரண்டு பரப்பிலும் கவிழச் செய்தால் நடுப்புள்ளி வெளுக்க வேண்டும். ஒளிவிலகல் எண் வேறுபட்ட இரண்டு வகைக் கண்ணாடிகளை எடுத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணுள்ள சாசஃப்ராஸ் எண்ணெயை நடுவில் விட்டார். கறுப்புப் புள்ளி வெள்ளையாயிற்று.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இந்தக் கதை 'ஏர் வெட்ஜ்' என்ற பெயரில் வரும். காற்று ஆப்பு. பொறியியல் முதலாண்டு மாணவர் முதல் பி.எஸ்சி. மாணவர் வரை தமிழ்நாட்டில் பல்லாயிரம் பேர் செய்திருக்கும் சோதனை. இரண்டு தட்டைக் கண்ணாடிகளை ஒரு முனையில் ரப்பர் வளையத்தால் கட்டி, மறுமுனையில் ஒரு தலைமுடியைச் செருகினால் நடுவில் ஆப்பு வடிவக் காற்றுப் படலம் கிடைக்கும். மேலிருந்து சோடியம் ஆவி விளக்கின் மஞ்சள் ஒளியை விழச் செய்து நகரும் நுண்ணோக்கியில் பார்த்தால், வெண்பட்டில் கோடு போட்டாற்போல நேர்க்கோட்டு வரிகள். ஒரு கறுப்பு வரியிலிருந்து அடுத்ததற்குப் போனால் காற்றின் தடிமன் அரை அலைநீளம், அதாவது 295 நானோமீட்டர் கூடியிருக்கிறது. முடி 70 மைக்ரோமீட்டர் என்றால் கண்ணாடி முழுக்க ஏறத்தாழ 237 வரிகள். கட்டிய முனைக்கும் முடிக்கும் 5 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் 0.21 மில்லிமீட்டர்.

என் மாணவ நாளில் முதல் முறை இந்தச் சோதனையைச் செய்தபோது எனக்கு வரியே கிடைக்கவில்லை. விளக்கு சூடேறக் காத்திருந்தேன், நுண்ணோக்கியை ஏற்றி இறக்கினேன், பக்கத்து மேசைக்காரன் படித்த எண்களைக் கண்டு பொறாமைப்பட்டேன். கடைசியில் ஆய்வக உதவியாளர் வந்து, "தம்பி, கண்ணாடியைத் துடைத்தாயா?" என்று மட்டும் கேட்டார். கட்டிய முனையில் ஒரு தூசி. முடியின் தடிமனோடு போட்டியிடும் தூசி. முனை மூடவே இல்லை; ஆப்பே உருவாகவில்லை. துடைத்துக் கட்டியதும் வரிகள் வந்து நின்றன. ஒரு தூசியை மலையாக்கிக் காட்டும் அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சோடியம் ஒளியில் எல்லா வரியும் ஒரே மாதிரி. 40ஆவது வரிக்கும் 140ஆவது வரிக்கும் முகத்தில் வித்தியாசமே இல்லை. கொண்டை ஊசி வளைவின் சிக்கல் இங்கே இன்னும் கூர்மையாகிறது. ஆப்புச் சோதனையில் தப்பித்துக்கொள்கிறோம். நமக்குத் தேவை வரிகளின் இடைவெளி மட்டும், வரிசை எண் அல்ல. வெள்ளொளியில் பார்த்தால் நிலைமை தலைகீழ். கட்டிய முனையருகே சில வரிகள் மட்டும் நிறத்தோடு தெரியும்; அப்பால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளுத்துவிடும். 3 மில்லிமீட்டர் ஜன்னல் கண்ணாடியில் வானவில் தெரியாததும் இதனால்தான். அங்கே வரிசை எண் பதினாறாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. நிறமாலை முழுக்கச் சிகரங்கள் சீப்புப் பல்லைவிட நெருக்கமாக நிற்கின்றன. கண்ணுக்கு எல்லாம் வெள்ளை. ஒற்றை நிறம் நுட்பமாக அளக்கும், இடத்தைச் சொல்லாது. வெள்ளொளி இடத்தைச் சொல்லும், வெகுதூரம் வராது. நல்ல அளவீட்டில் இரண்டும் வேண்டும்.

சேலம் மக்கள் இந்த நிறங்களை ஆய்வகத்துக்கு வெளியே தினமும் பார்க்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசு நாளாக ஆகக் கறுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு படலமாகிறது. ஆனால் கறுப்பதற்கு முன் கொலுசு எந்த நிறங்கள் வழியாகப் போகிறது என்று கவனித்தவர்கள் குறைவு. முதலில் வெளிர் மஞ்சள், பிறகு செம்பழுப்பு, பிறகு ஊதா கலந்த நீலம். தார்ச்சாலையில் வெளியிலிருந்து உள்ளே வந்த அதே வரிசைதான் இங்கே நாள் கணக்கில் நடக்கிறது. பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்த கொலுசில் மடிப்புப் படாத இடம் நீலமாகவும் மூடிய இடம் மஞ்சளாகவும் இருந்தால், அது காற்று எவ்வளவு புகுந்தது என்பதன் வரைபடம்.

1920இல் ஜெர்மானிய வேதியியலாளர் குஸ்டாவ் தம்மன் இதையே அளவீடாக மாற்றினார். வெள்ளித் தகட்டை அயோடின் ஆவியில் வைத்து, எந்த நேரத்தில் எந்த நிறம் வருகிறது என்று குறித்துக்கொண்டே போனார். நிறத்தைத் தடிமனாக மாற்றிப் பார்த்தபோது, தடிமனின் வர்க்கம் நேரத்துக்கு நேர்விகிதமாக வளர்வது தெரிந்தது. இரு மடங்கு தடிக்க நான்கு மடங்கு நேரம். படலமே தன் வளர்ச்சிக்குத் தடையாகிறது. தடிக்கத் தடிக்க அதைக் கடந்து அணுக்கள் சந்திப்பது கடினமாகிறது. உலோகங்கள் துருப்பிடிப்பதைப் பற்றிய அறிவியலுக்கு அடித்தளம் போட்ட விதிகளில் ஒன்று வெறும் நிறம் பார்த்துப் பிறந்தது.

உலோகத்தின் மேல் உள்ள படலத்துக்கு எண்ணெயின் கணக்கை அப்படியே போட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். உலோகத்தில் மோதித் திரும்பும் ஒளி முழு அரை அலைநீளமும் கவிழாது, கவிழாமலும் இராது. இடைப்பட்ட ஏதோ ஓர் அளவு நகர்கிறது. சல்ஃபைடு போன்ற படலங்கள் ஒளியைக் கொஞ்சம் விழுங்கவும் செய்கின்றன. ஆகவே அங்கே நிறம் ஒரு மதிப்பீடு. துல்லியத்துக்கு எடை அளவீடோ வேறு ஒளியியல் முறையோ துணை வேண்டும்.

எவர்சில்வரிலும் இதே காட்சி. இரும்பாலை என்று ஊரார் சொல்லும் சேலம் உருக்காலையின் துருவேறாத எஃகு துருவேறாமல் இருப்பதற்குக் காரணம், அதன் மேலுள்ள குரோமிய ஆக்சைடுப் படலம். அது சில நானோமீட்டர்தான். நிறம் காட்டப் போதாத மெல்லிசு. பற்றவைக்கும்போது சூட்டில் அந்தப் படலம் தடிக்கிறது. பற்றவைத்த தையலின் இரு பக்கமும் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று பட்டை பட்டையாகத் தெரிவது அதுதான். வழக்கமான எவர்சில்வர் வகைக்கு, காற்றில் ஏறத்தாழ 340 டிகிரி செல்சியஸ் சூடு கண்ட இடம் வைக்கோல் மஞ்சள். 540 டிகிரி கண்ட இடம் நீலம். பட்டறையில் இதை அழகு என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அடர்ந்த நிறம் என்றால் ஆக்சைடுக்கு அடியில் எஃகு தன் குரோமியத்தில் ஒரு பங்கை இழந்திருக்கிறது. அங்கேதான் முதலில் துரு பிடிக்கும். பால் கேன், மருந்துத் தொட்டி போன்றவற்றில் அந்த நிறத்தை அமிலத்தாலோ தேய்த்தோ எடுத்துவிட வேண்டும்.

வெள்ளி நமக்குச் சிக்கல் மட்டும் தரவில்லை, தீர்வும் தந்திருக்கிறது. 1940களில் இங்கிலாந்தில் இயற்பியலாளர் சாமுவேல் டோலான்ஸ்கி வளர்த்தெடுத்த முறை இன்றும் மென்படல ஆய்வில் அளவுகோலாக மதிக்கப்படுகிறது. அளக்க வேண்டிய படலத்தைக் கண்ணாடியின் பாதியில் மட்டும் படியவிட்டு ஒரு படிக்கட்டு உண்டாக்க வேண்டும். பிறகு படலத்தின் மேலும் வெற்றுக் கண்ணாடியின் மேலும் ஒரே சீராக வெள்ளிப் பூச்சு ஏற்ற வேண்டும். எதிரே, பாதி ஒளிபுகும் வெள்ளி பூசிய இன்னொரு தட்டைக் கண்ணாடி. இரண்டுக்கும் இடையே மெல்லிய காற்று ஆப்பு. வெள்ளிப் பரப்புகளுக்கிடையே ஒளி இரண்டு முறை அல்ல, பல முறை போய்வருகிறது. அத்தனை அலைகளும் சேரும்போது வரிகள் கத்தி முனைபோல மெலிகின்றன. படிக்கட்டு வரும் இடத்தில் ஒவ்வொரு வரியும் உடைந்து பக்கவாட்டில் நகர்ந்து நிற்கும். அந்த நகர்வு, வரி இடைவெளியில் எத்தனை பங்கோ, படலத்தின் தடிமன் அரை அலைநீளத்தில் அத்தனை பங்கு. வரி மெலிந்திருப்பதால் நூற்றில் ஒரு பங்கு நகர்வையும் படிக்கலாம்; அது 3 நானோமீட்டர்.

இந்த முறையில் என்னைக் கவர்ந்தது அதன் நுண்மை மட்டும் அல்ல. முன்னே சொன்ன இரண்டு தொல்லைகளும் இங்கே ஒரே அடியில் விழுகின்றன. இரு பக்கமும் ஒரே வெள்ளி என்பதால் அலை எவ்வளவு கவிழ்ந்தாலும் இரு பக்கமும் ஒரே அளவு, கழிந்துபோகும். ஒளி நடந்தது காற்றில் என்பதால் படலத்தின் ஒளிவிலகல் எண் கணக்குக்கு உள்ளேயே வராது. கிடைப்பது வெறும் தடிமன். ஒரு தொல்லை மட்டும் மிஞ்சுகிறது, அது பழைய தொல்லை: படிக்கட்டு 295 நானோமீட்டரைத் தாண்டினால் வரி ஒரு முழு இடைவெளி தாண்டிப் போய் நிற்கும், எத்தனை தாண்டியது என்று சோடியம் விளக்கு சொல்லாது. விளக்கை மாற்றி வெள்ளொளியைப் போட்டு, நிறத்தை அடையாளமாகப் பிடித்துக்கொண்டு வரியைப் பின்தொடர வேண்டும்.

கணக்கே போடாமல் அளக்கும் வழியும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் இயற்பியலாளர் கேதரின் பிளாட்ஜெட் 1930களில் செய்தது. நீரின் மேல் மிதக்கும் பேரியம் ஸ்டியரேட் படலத்தில் கண்ணாடித் தகட்டை முக்கி முக்கி எடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரு மூலக்கூறு தடிமனை ஏற்றினார். ஓரடுக்கு ஏறத்தாழ 2.4 நானோமீட்டர். படிப்படியாக அடுக்கு கூட்டிய தகடு, படிக்குப் படி நிறம் மாறி நிற்கும். தடிமன் தெரியாத படலத்தை அதன் பக்கத்தில் வைத்து, ஒரே வகைப் பரப்பு என்றால், எந்தப் படியோடு நிறம் ஒத்துப்போகிறது என்று பார்த்தால் முடிந்தது. ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணிக்கு நிறம் சேர்ப்பதுபோல. இத்தகைய அடுக்குகளில் 44ஐக் கண்ணாடியில் ஏற்றி, கண்ணாடியின் பளபளப்பையே அவர் அணைத்தும் காட்டினார், 1938இல். கால் அலைநீளத் தடிமன். போய்வரும்போது அரை அலைநீளம். இரண்டு பரப்பிலும் அலை கவிழ்வதால் கவிழ்ச்சி கழிந்துபோகிறது. மிஞ்சிய அரை அலைநீளம் இரண்டு பிரதிபலிப்புகளையும் ஒன்றையொன்று அழிக்க வைக்கிறது.

மூக்குக் கண்ணாடிக்கும் கேமரா வில்லைக்கும் இன்று போடும் பூச்சுகள் அதே கணக்கின் வழிவந்தவை. பழைய கேமராக்களில் மக்னீசியம் ஃபுளோரைடு, 100 நானோமீட்டர். நடுநிறமான பச்சையை அணைக்கும்படி தடிமன் வைப்பதால், விளிம்பு நிறங்களான சிவப்பும் நீலமும் கொஞ்சம் திரும்பி வந்து வில்லை ஊதாவாக மினுங்கும். சேலத்தில் செட்டிச்சாவடிப் பக்கம் வெள்ளைக்கல் என்று வெட்டியெடுக்கும் மக்னசைட்டில் இருப்பதும் அதே மக்னீசியம்தான்.

வரிசை எண்ணைப் பற்றிக் கவலையே படாமல் அளக்கக்கூடிய படலம் ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் சிறிது சர்க்கரை கலந்து, ஒரு கம்பி வளையத்தை முக்கி, படலம் செங்குத்தாக நிற்கும்படி பிடியுங்கள். சேலம் வெயிலில் படலம் சீக்கிரம் உலரும். காற்று வராத, நிழலான இடம் நல்லது. பின்னால் ஒரு கறுப்புத் துணி, முன்னால் வெள்ளைச் சுவரிலிருந்து வரும் ஒளி. நீர் கீழே வடிய வடிய மேல்பக்கம் மெலியும்; நிறப் பட்டைகள் மேலிருந்து கீழாக நகரும். சற்றுப் பொறுத்தால் உச்சியில் ஒரு பகுதி கறுத்து, படலமே இல்லாததுபோல் தெரியும். கிழிந்துவிட்டதோ என்று தோன்றும், கிழியவில்லை. தடிமன் 30 நானோமீட்டருக்கும் கீழே போய்விட்டது. போய்வரும் பாதை ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. முன்பரப்பில் கவிழ்ந்த அலையும் பின்பரப்பில் கவிழாத அலையும் ஒன்றையொன்று அழிக்கின்றன. நியூட்டன் வளையத்தின் நடுப்புள்ளி இப்போது உங்கள் கையில்.

அந்தக் கறுப்பிலிருந்து கீழே எண்ணத் தொடங்குங்கள். முதலில் வெள்ளிவெள்ளை, 100 நானோமீட்டர் சுமார். அதற்குக் கீழே மஞ்சள், பிறகு முதல் மெஜந்தா. பட்டுக்கடையில் ராணி கலர் என்பார்களே, அது. அங்கே பச்சை அணைந்திருக்கிறது, தடிமன் ஏறத்தாழ 207 நானோமீட்டர். நீலமும் பச்சையும் மஞ்சளும் கடந்து அடுத்த மெஜந்தா வந்தால் 413. மூன்றாவது சற்று வெளிறியிருக்கும், 620. ஒவ்வொன்றும் முந்தையதைப் போலவே இருந்தாலும் குழப்பமில்லை, பூச்சியம் கண்ணெதிரே கறுப்பாக நிற்கிறது. படலம் உடைவதற்குள் எண்ணி முடிக்க உங்களுக்குச் சில நொடிகள் கிடைக்கும்.